ஸ்பீக்கருக்குள் சிவப்பு இதழ்

7

கதவைத் திறந்தவனைப் பார்த்த மாத்திரத்தில், இவனிடம் ஒரு பழைய கிடார் கம்பிகூட வாங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

தொப்புள் வரை பட்டன் திறந்த சட்டை. கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்தில் தங்கச் செயின். அரை டிரவுசர். அதற்குக் கீழே, மே மாத வெயிலில், கம்பளி சாக்ஸ். ஊதா நிறம், கடுகு மஞ்சள் பட்டை, குதிகாலில் மட்டும் பச்சை.

"சர்க்கஸ்ல இன்னிக்கு லீவா சார்?" என்றேன்.

"மார்பிள் தரை. காலுக்கு சில்லுன்னு ஏறும்," என்றான் பாபிஸ், மார்பிளைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி. "இத்தாலிலேர்ந்து வரவழைச்சது."

என் பாஸ் பொலிக்ஸெனி சூரியகாந்தி விதைத் தோல் ஒன்றை அந்த இத்தாலிய மார்பிளில் துப்பிவிட்டு உள்ளே போனார். தெசலோனிக்கி துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருடம் அடுத்தவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். மனிதர்கள் மேல் இருந்த மரியாதை மொத்தத்தையும் அங்கேயே தொலைத்துவிட்டு, இப்போது துப்பறிகிறார். இணைய ஏலத்தில் பழைய இசைக் கருவி வாங்கி ஏமாந்தவர்கள்தான் எங்களுக்கு முக்கால்வாசி. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் தகராறு என்றால், அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையை ஏலத் தளம் அப்படியே ஏற்றுக்கொள்ளும். யார் பக்கம் எழுதினாலும் கட்டணம் ஒன்றுதான். என் சம்பளமும் அப்படித்தான், எவ்வளவு உழைத்தாலும் ஒன்றுதான்.

என் பெயர் லாக்கிஸ். முன்னாள் பேஸ் கிடார் கலைஞன். 'முன்னாள்' என்பதை ரசிகர்கள்தான் சேர்த்தார்கள்.

கூடத்தில் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில் ஃபிலியோ உட்கார்ந்திருந்தாள். விமான நிலையச் சாலையில் உள்ள ஒரு நைட் கிளப்பின் பாடகி. பாபிஸ் அவளுக்குக் கணவன், மேனேஜர், டிரைவர், எல்லாம். அவள் காலடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், பக்கத்தில் பிரித்துப்போட்ட அட்டைப் பெட்டிகள்.

"ஏமாத்திட்டான் மேடம்," என்றாள். "வீட்டுல மட்டும் பயன்படுத்தினதுன்னு போட்டிருந்தான். பிரிச்சு சாய்ச்சா, உள்ளேருந்து கார்னேஷன் இதழா கொட்டுது. நீங்களே சொல்லுங்க, எந்த வீட்டுல ஸ்பீக்கர் மேல பூ வீசுவாங்க?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் பாடகி மேல் காதல் பொங்கினால், பணக்கார மடையர்கள் தட்டுத் தட்டாகக் காம்பு கிள்ளிய கார்னேஷன் வாங்கி மேடையில் வீசுவார்கள். காதல் எவ்வளவு என்பது தட்டுகளின் எண்ணிக்கையில் தெரியும். பூ பாதி பாடகி மேல் விழும், மீதி கருவிகள்மேல். ஸ்பீக்கரின் பின்பக்கம் காற்று வெளியேற ஒரு குழாய் இருக்கும். அதற்குள் பூ போனால் நைட் கிளப் சரக்கு என்று குழந்தைகூடச் சொல்லும்.

பொலிக்ஸெனி குனிந்து குழாய்க்குள் கைவிட்டு ஒரு இதழை எடுத்தார். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். கட்டைவிரல் சிவந்து ஈரமானது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எப்ப வந்துச்சு?"

"அவன் புதன்கிழமை அனுப்பினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூரியர்ல வந்துச்சு. வெள்ளி, சனி எங்களுக்கு ஷோ. மூச்சு விட நேரமில்ல. நேத்து ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் பிரிச்சோம்."

"அதுவரைக்கும் பெட்டியை யாரும் தொடலை?"

"ஒட்டின டேப் ஒட்டினபடி இருந்துச்சு. எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு," என்றாள் பெருமையாக. "ஆன்லைன்ல பழைய சாமான் எப்படி பத்திரமா வாங்கறதுன்னு நான் படிச்சு வெச்சிருக்கேன் மேடம். தளத்துக்கு வெளில பணம் குடுக்கக் கூடாது. குடுக்கலை. சீரியல் நம்பர் கேக்கணும். கேட்டேன். விக்கிறவனோட பழைய மார்க் எல்லாம் பாக்கணும். பாத்தேன். பிரிக்கறப்ப வீடியோ எடுக்கணும். எடுத்தேன்."

போனை நீட்டினாள். வீடியோவில் மூடிய பெட்டி, ஒட்டிய டேப்புக்கு நெருக்கத்தில் ஒரு காட்சி, பெட்டி ஓரத்தில் இரண்டு ரோமக் கால்கள், பிறகு கத்தரிக்கோல். ஸ்பீக்கரைச் சாய்த்ததும் சிவப்பு இதழ்கள் உதிர்ந்தன. "ஐயோ பாபிஸ், ஏமாந்துட்டோமே" என்று ஃபிலியோவின் குரல். பாட்டில் இல்லாத உருக்கம் அதில் இருந்தது.

"இந்த மனுஷன் சாக்ஸைக் கழட்டறதே இல்ல போல," என்று பாஸ் காதில் கிசுகிசுத்தேன். அவர் வீடியோவை இரண்டாம் முறை ஓடவிட்டார்.

"எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. பூவைத் தவிர உள்ள வேற எதாவது இருந்துச்சா?"

"பூதான் மேடம். வேற என்ன இருக்கும்?"

"யோசிச்சு சொல்லுங்க. அறிக்கைல உங்க வார்த்தையை அப்படியே எழுதுவேன்."

"ஒண்ணுமே இல்ல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். பொருள் கைக்கு வந்த மூன்றாம் நாள் மாலை ஆறு மணி வரை ஏலத் தளம் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும். இன்று திங்கள், அந்த மூன்றாம் நாள். ஆறுக்குள் எங்கள் அறிக்கை போகவேண்டும். ஃபிலியோ பக்கம் எழுதினால் அவளுக்குப் பணம் திரும்பும், ஸ்பீக்கர் விற்றவனிடமே போகும், அவன் கணக்கு முடக்கப்படும். அதற்கு முன்பே அவள் அவன் பெயருக்குக் கீழே ஊரறிய எழுதிவிட்டாள்: 'பொய்யன். நைட் கிளப் சரக்கை வீட்டுச் சரக்கு என்று விற்கிறான்.'

காரில் ஏறியதும் கேட்டேன். "இதுல துப்பறிய என்ன பாஸ் இருக்கு? பூ இருக்கு, வீடியோ இருக்கு. 'வீட்டுல மட்டும் பயன்படுத்தியது'ன்னு போடாத திருடன் உண்டா? போன மாசம் ஒருத்தன் டிரம் செட்டுக்கே அப்படிப் போட்டான்."

"விக்கிறவன் மட்டும்தான் பொய் சொல்வான்னு உனக்கு யார்டா சொன்னா?"

"வாங்கறவன் பணம் குடுக்கறானே."

"அதனாலதான் அவன் யோக்கியன்னு எல்லாரும் நம்பறாங்க," என்று சொல்லி ஜன்னல் வழியாகத் தோலைத் துப்பினார். "வண்டியை ஓட்டு."

*

விற்றவர் பெயர் அரிஸ்டிடிஸ். தூம்பா பகுதியில் பழைய அடுக்குமாடி, மூன்றாம் மாடி. வழியில் அவர் விளம்பரத்தை சத்தமாகப் படித்தேன். "'வலது பெட்டியின் கீழ் இடது முனையில் இரண்டு மில்லிமீட்டர் கீறல். முன்வலையில் ஒரு நூல் தளர்ந்துள்ளது.' பாஸ், இவன் பொய்யன்னா ரொம்ப நுணுக்கமான பொய்யன்."

படியேறும்போது மணி மூன்றேகால். கோடையில் மூன்றிலிருந்து ஐந்தரை வரை அமைதி நேரம். சட்டம் அது. யாராவது ஆணி அடித்தால் போலீஸ் வரும். என் செருப்புச் சத்தத்துக்கே இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு அம்மாள் நின்றாள். பெயர்ப்பலகையில் 'பகோனா'.

"மேல அந்தாளு வீட்டுக்கா? அவன் பெட்டி திரும்ப வருதா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"வந்தாலும் வரும்," என்றார் பொலிக்ஸெனி.

பகோனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், அது வேணாம். பதினோரு வருஷம்மா. காலைல ஏழு மணிக்கு அந்தாளுக்கு சங்கீதம். அந்த ரெண்டு பெட்டியும் என் தலைக்கு நேர் மேல. இந்தத் துடைப்பத்தால சீலிங்கை இடிச்சு இடிச்சு எனக்குத் தோள்பட்டையே போச்சு. மேல பாரு, வெள்ளை பெயர்ந்து கிடக்கு."

"நடுவுல எப்பவாவது பெட்டியை வெளில எடுத்துட்டுப் போனாரா? நைட் கிளப்புக்கு, கல்யாணத்துக்கு?"

"இந்த வீட்டை விட்டு அது ஒருநாள் நகர்ந்திருந்தா நான் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏத்தியிருப்பேனே. போன புதன்கிழமை கூரியர்காரன் தூக்கிட்டுப் போனான். அன்னிக்குதான் ஏத்தினேன். என் உயரத்துக்கு ஒண்ணு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"அவனுக்கு சாதகமாவா?" அந்த அம்மாள் முகம் சுளித்தாள். அவள் வாழ்க்கையிலேயே கடினமான கணக்கு மனதுக்குள் ஓடியது தெரிந்தது. "எழுதிக் குடுத்தா பெட்டி வராதா?"

"வராது."

"பேனா குடு."

மூன்றாம் மாடிக்கு ஏறும்போது பொலிக்ஸெனி சொன்னார். "ஒருத்தனுக்கு நண்பன் சொல்ற சாட்சியை நான் நம்பினதே இல்ல. எதிரி சொன்னா பாதி நம்பலாம்."

அரிஸ்டிடிஸ் அறுபத்தெட்டு வயது, ஒல்லி. வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டை. அரசாங்க எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது காது கேட்காமல் போனதால் ஸ்பீக்கர்களை விற்றிருக்கிறார். இடது காதை எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். மேசை மேல் அந்த 'பொய்யன்' பக்கத்தைக் காகிதத்தில் அச்சடித்து வைத்திருந்தார்.

"முப்பத்துநாலு வருஷம் இந்த ஊர்த் தராசையெல்லாம் நான்தாம்மா சோதிச்சேன்," என்றார் மெதுவாக. "மீன்காரன், நகைக்கடைக்காரன், யாருகிட்டயும் ஒரு காபிகூட வாங்கிக் குடிச்சதில்ல. நேத்து என் மருமகன் போன் பண்ணி, 'என்ன மாமா, இந்த வயசுல இப்படி பண்ணிட்டீங்களே'ன்னு கேக்கறான். பணம் போனாப் போகட்டும், பெட்டியை அனுப்பினா வாங்கிக்கறேன். இந்த வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

இரக்கப்படும் வியாதி எனக்கு உண்டு. பொலிக்ஸெனிக்கு அந்த வியாதி கிடையாது.

"பேச்சை விடுங்க. கீழ இருக்கற அம்மா காலைல ஏழு மணி சத்தம்னு சொன்னாங்க. மத்தியானத்துல வைக்க மாட்டீங்களா?"

"மூணுலேர்ந்து அஞ்சரைக்கு சட்டம் இருக்கே. மத்த நேரத்துலயும் அவங்க இடிப்பாங்க. கனத்த சத்தம்தான் கீழ இறங்கும். அதனால பின்னால இருக்கற குழாயை அடைச்சு வெச்சிருந்தேன்."

பொலிக்ஸெனியின் கை விதைப் பொட்டலத்தில் பாதியில் நின்றது. "எதால?"

அவர் சிவந்துபோனார். தலையைக் குனிந்தார்.

"அதை விளம்பரத்துல எழுதியிருக்கணும். எழுதலை. அது என் தப்புதான். வாங்கறவங்களுக்கும் கீழ்வீட்டுக்காரங்க இருப்பாங்களேன்னு அப்படியே விட்டு அனுப்பிட்டேன். போட்டோவும் முன்பக்கம்தான் எடுத்தேன்."

"எதால அடைச்சீங்கன்னு கேட்டேன்."

"சாக்ஸ்."

"என்ன சாக்ஸ்?"

அரிஸ்டிடிஸ் எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டை இழுத்தார். "என் தங்கச்சி வருஷா வருஷம் என் பேர் கொண்ட புனிதர் திருநாளுக்கு எனக்கு ஒரு ஜோடி பின்னித் தருவா. நூலை மூட்டையா வாங்கி வெச்சிருக்கா. நிறத்தை மாத்தும்மான்னு சொன்னா அழுவா. என் பாதத்துக்கு நாலு சைஸ் பெருசு. போட முடியாது, தூக்கிப்போடவும் முடியாது. குழாய்க்கு ஒரு ஜோடி, சுருட்டி வெச்சா கச்சிதமா நின்னுச்சு."

தட்டு நிறைய சாக்ஸ். எல்லாம் ஒரே மாதிரி.

ஊதா. கடுகு மஞ்சள் பட்டை. குதிகாலில் பச்சை.

"பாஸ்," என்றேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"வாயை மூடு லாக்கிஸ். ஈ போயிடும்," என்றார் பொலிக்ஸெனி. "ஐயா, இதுல ஒரு ஜோடி எடுத்துக்கறேன்."

*

கலமரியாவில் பாபிஸ் வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஐந்தேகால். வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். "கிளப் ஸ்பீக்கர் ரிப்பேர். ரெண்டு ராத்திரிக்கு வாடகைக்கு எடுக்கக் காசு போகும். அதனால ஏலத்துல வாங்கி, ரெண்டு ஷோ ஓட்டி, திருப்பி அனுப்பிடறது. அடப் பாவிங்களா. அந்தப் பூ அவ மேலேயே வீசினது."

"அஞ்சு நாள் பெட்டிக்குள்ள இருந்த கார்னேஷன் காகிதமா நொறுங்கும்டா. இது கையில சாயம் இறங்குது. கதவைத் திறந்த பத்தாவது நிமிஷம் எனக்குத் தெரியும்."

"பின்ன எதுக்கு தூம்பா வரைக்கும் ஓட்ட வெச்சீங்க?"

"பூவைக் காட்டினா, 'பெட்டிக்குள்ள ஈரம் இருந்துச்சு மேடம்'ம்பா. பொய்க்காரிக்கு ஒரு கதவை மூடினா போதாது. எல்லாத்தையும் மூடணும்."

கதவைத் திறந்தது பாபிஸ்தான். அதே சட்டை, அதே செயின், அதே சாக்ஸ். இந்த முறை நான் சிரிக்கவில்லை, அந்தக் கால்களை அன்போடு பார்த்தேன்.

ஃபிலியோ ஷோவுக்குப் போவதுபோல உதட்டுச் சாயம் பூசித் தயாராக இருந்தாள். "அறிக்கை ரெடியா மேடம்?"

பொலிக்ஸெனி பையிலிருந்த ஜோடியை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு பாபிஸின் காலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். பாபிஸும் குனிந்து பார்த்தான், அந்தக் கால்கள் வேறு யாருடையதாகவோ இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு.

முதலில் சமாளித்துக்கொண்டது ஃபிலியோதான். மேடை ஏறிப் பழகியவள்.

"அட ஆமா மேடம், மறந்தே போச்சு. பிரிச்சப்ப உள்ள சாக்ஸ் இருந்துச்சு. பழைய துணின்னு நான் கணக்குலயே எடுத்துக்கலை. இவரு எடுத்து மாட்டிக்கிட்டாரு. அதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல," என்றார் பொலிக்ஸெனி இனிமையாக. அந்தக் குரலைக் கேட்டால் நான் ஓரடி தள்ளி நிற்பேன். "எப்ப எடுத்தாரு?"

"அதான் சொன்னேனே. நேத்து மத்தியானம். பெட்டியைப் பிரிச்ச பிறகு."

"பிரிச்ச பிறகு. நிச்சயமா?"

"சத்தியமா. அதுக்கு முன்னாடி எப்படி முடியும்? டேப் ஒட்டியிருந்துச்சே. வீடியோ இருக்கே."

"இருக்கு," என்றார் பொலிக்ஸெனி. போனை எடுத்து ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தி, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

மூடிய பெட்டி. வெட்டாத டேப். கத்தரிக்கோல் இன்னும் உள்ளே வரவே இல்லை. பெட்டியின் ஓரத்தில் இரண்டு ரோமக் கால்கள். கால்களில் ஊதா சாக்ஸ், கடுகு மஞ்சள் பட்டை, பச்சைக் குதிகால்.

பெட்டியைத் திறக்கும் முன்பே பெட்டிக்குள் இருந்த சாக்ஸ் அவன் காலில் இருந்தது. நான் முதலிலேயே அதைப் பார்த்து ஜோக் அடித்துவிட்டு மறந்தவன். என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஃபிலியோ திரையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பத்து வருடத் தாம்பத்தியம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

"கழட்டிப் போடுன்னு வெள்ளிக்கிழமையே சொன்னேனா இல்லையா?"

"நல்ல கம்பளி ஃபிலியோ," என்றான் பாபிஸ் பாவமாக. "எதுக்கு வீணாக்கணும்னு..."

"மத்த ஜோடி எங்கய்யா?" என்று கேட்டேன். "குழாய் ரெண்டாச்சே."

"உங்க அம்மாவுக்குக் குடுத்துட்டேன்," என்றான் மனைவியிடம். எங்களுக்குச் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை.

ஃபிலியோ பொலிக்ஸெனி பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "மேடம், கட்டணம் நான்தான் குடுத்திருக்கேன். வேணும்னா இன்னொரு மடங்கு..."

"உங்களை மாதிரி ஆளுங்களை சுங்கத்துல தினம் நாப்பது பேரைப் பாத்திருக்கேன்," என்றார் பொலிக்ஸெனி. "அவங்க வைரத்தையாவது கடத்தினாங்க. உங்களுக்குத் திருடறதுக்குக்கூட தகுதி பத்தலை. ஒரு ஓசி சாக்ஸை விட மனசில்லாம மாட்டிக்கிட்டீங்க. பத்திரமா வாங்கறது எப்படின்னு எல்லாம் படிச்சீங்களே, உங்ககிட்டேருந்து விக்கிறவன் எப்படி பத்திரமா இருக்கறதுன்னு எவனும் எழுதலை. நான் இன்னிக்கு எழுதிட்டேன்."

பிளாஸ்டிக் சோபாவில் அமர்ந்து, ஐந்து நாற்பதுக்கு அறிக்கையை அனுப்பினார். இதழின் படம், பகோனாவின் கையெழுத்து, வீடியோவில் நிறுத்திய காட்சி, எல்லாம் சேர்த்து. ஆறு மணிக்குத் தளத்திலிருந்து பதில் வந்தது. ஸ்பீக்கர்கள் ஃபிலியோவுடையவை, பணம் அரிஸ்டிடிஸுடையது. அவள் கணக்கு மூடப்பட்டது. 'பொய்யன்' என்ற வார்த்தை இருந்த இடம் காலியாக இருந்தது.

கிளம்பும்போது பொலிக்ஸெனி வாசலில் நின்று திரும்பினார். "பாபிஸ், அதைக் கழட்டுங்க. தடயம்."

அவன் ஒற்றைக் காலில் தள்ளாடிக் கழற்றினான். வெறும் காலோடு தரையில் நின்றான்.

"சில்லுன்னு இருக்கா சார்?" என்று கேட்டேன். "இத்தாலிலேர்ந்து வந்தது."

காரை எடுக்கும் முன்பே அரிஸ்டிடிஸ் கூப்பிட்டார். பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். சாக்ஸ் வெச்சதை நான் விளம்பரத்துல எழுதலைன்னு உங்க அறிக்கைல குறிச்சிருக்கீங்களா? அது குறைபாடுதான். என் மார்க்ல கழிக்கணும்னா கழிக்கட்டும்."

பொலிக்ஸெனி விதைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அதைப் பாதியில் மடித்து நான் பார்த்ததில்லை.

"குறிச்சிருக்கேன் ஐயா. நீங்க இப்ப உங்க தங்கச்சிக்கு ஒரு போன் பண்ணுங்க."

"எதுக்கு?"

"அவங்க பின்னின சாக்ஸை ஒருத்தன் ஆசையா போட்டுக்கிட்டான்னு சொல்லுங்க. மூணு நாள் கழட்டவே இல்லைன்னும் சொல்லுங்க. அழட்டும், இந்தத் தடவை சந்தோஷமா அழட்டும்."